வேண்டுகோளின் இலக்கணம்

(வைட்ஃபீல்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அன்றாட ஆங்கிலத்தில் ஒருவரிடம் பணிவாக ஒன்றைக் கேட்பது எப்படி என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் சங்க இலக்கியமோ பக்தி இலக்கியமோ பேசுவதுதான் வழக்கம். ஆங்கிலத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பதைப் பற்றி ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். தொல்காப்பியர் அப்படி நினைக்கவில்லை. சொல்லதிகாரத்தின் எச்சவியலில் அவர் இதற்கு இலக்கணமே வகுத்திருக்கிறார். ஒன்றை வேண்டிக் கேட்கும்போது ‘ஈ’, ‘தா’, ‘கொடு’ என்று மூன்று சொற்கள் உண்டு. தாழ்ந்த நிலையில் இருப்பவர் கேட்டால் ‘ஈ’. சமமானவர் கேட்டால் ‘தா’. உயர்ந்தவர் கேட்டால் ‘கொடு’. கேட்கும் பொருள் பொன்னா புல்லா என்பது அங்கே கணக்கில் வரவில்லை. யார் யாரிடம் கேட்கிறார் என்பது மட்டுமே கணக்கு.

நான் சொல்ல வந்ததன் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழில் ஒருவரிடம் ஒன்றைக் கேட்கும்போது நம் பேச்சு முதலில் ஆளைப் பார்க்கிறது. வயது, உறவு, பதவி எல்லாவற்றையும் ஒரு நொடியில் எடைபோட்டு வினைமுற்றை மாற்றிக்கொள்கிறது. இன்றைய ஆங்கிலம் முதலில் காரியத்தைப் பார்க்கிறது. கேட்பது சின்ன உதவியா, பெரிய உதவியா, எதிரில் இருப்பவருக்கு எவ்வளவு சிரமம் என்று எடைபோட்டு வாக்கியத்தை மாற்றிக்கொள்கிறது. ஆங்கிலமும் ஆளைப் பார்க்காமல் இல்லை. தமிழும் காரியத்தைப் பார்க்காமல் இல்லை. முதல் பார்வை எங்கே விழுகிறது என்பதில்தான் வித்தியாசம். இதைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது. மீதிப் பாதி, இதை யார் யார் கற்க வேண்டும் என்பது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1. இந்த ஊருக்கு வந்த ஆங்கிலம்

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கென்றே உருவான ஊர் இந்த வைட்ஃபீல்டு. சென்னையில் யூரேஷியர், ஆங்கிலோ இந்தியர் சங்கத்தைத் தொடங்கியவர் டி. எஸ். ஒயிட். அரசு வேலையையே நம்பியிருந்த தம் மக்கள் சொந்த நிலத்தில் காலூன்றி நிற்க வேண்டும் என்பது அவர் கனவு. மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார் 1882இல் 3,900 ஏக்கர் நிலத்தை அத்தகைய குடியிருப்புகளுக்காக வழங்கினார். ஒயிட்டின் பெயரே ஊர்ப்பெயராயிற்று. நடுவில் ஒரு வட்டம், அதைச் சுற்றி ஓட்டு வீடுகள், தோட்டங்கள், ஒரு தேவாலயம். அந்த ‘இன்னர் சர்க்கிள்’ இன்றும் இங்கே இருக்கிறது.

அந்த வீடுகளுக்குள் ஆங்கிலம் அடுப்படி மொழி. குழந்தையைத் தூங்க வைத்த மொழி. வெளியே தென்னிந்தியா முழுக்க அது வேறு மாதிரி புழங்கிக்கொண்டிருந்தது. சென்னை மாகாணத்து வேலைக்காரர்கள் பேசிய ஆங்கிலத்துக்கு ‘பட்லர் இங்கிலீஷ்’ என்று பெயர். 1886இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதி அதற்குத் தனிப் பதிவே தந்திருக்கிறது. ‘நான் சொல்வேன்’ என்பதற்கு ‘ஐ டெல்லிங்’ என்பார்கள் என்று எள்ளலோடு குறிக்கிறது. அகராதிக்காரர்கள் எள்ளி நகையாடிய அந்த ஆங்கிலத்தில் நான் கவனிப்பது வேறு. உத்தரவைக் கேட்டுக்கொண்டு பதில் சொல்வதற்காகப் பிறந்த ஆங்கிலம் அது. எஜமானின் பேச்சில் அந்த வேலைக்காரர் காதில் விழுந்தது பெரும்பாலும் ஏவல்தான். கேட்காத ஒன்றை எப்படிக் கற்பது?

நமக்கு ஆங்கிலம் வந்த இன்னொரு வாசல் அரசாங்கக் கச்சேரி. மனு எழுதும் ஆங்கிலம். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாரும் விடுப்புக் கடிதத்தை மறந்திருக்க மாட்டார்கள். ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கி, காய்ச்சலால் அவதிப்படுவதைச் சொல்லி, ‘ஐ ரிக்வெஸ்ட் யூ டு கைண்ட்லி கிராண்ட் மீ லீவ்’ என்று கெஞ்சி, ‘யுவர்ஸ் ஒபீடியண்ட்லி’ என்று முடியும். ஒரு நாள் காய்ச்சலுக்கு ஓர் அரசாங்க விண்ணப்பத்தின் தோரணை. ஆக, நம் முன்னோருக்கு இரண்டு ஆங்கிலங்கள் கிடைத்தன: உத்தரவு வாங்கும் ஆங்கிலம் ஒன்று, மனுப் போடும் ஆங்கிலம் ஒன்று. இரண்டிலும் ஒருவர் மேலே, ஒருவர் கீழே. பக்கத்து மேசைக்காரரிடம் பேனா கேட்கும் ஆங்கிலம் எந்த வாசல் வழியாகவும் வரவில்லை.

இன்று வைட்ஃபீல்டுக்குத் தேவைப்படுவது அந்தப் பேனா கேட்கும் ஆங்கிலம்தான். 1990களில் கர்நாடக அரசும் டாடா நிறுவனமும் சிங்கப்பூர்க் கூட்டமைப்பும் சேர்ந்து இங்கே தொழில்நுட்பப் பூங்காவை எழுப்பின. இன்னொரு பக்கம், கோலார் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டது. தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் உழைத்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் மாரிகுப்பத்திலும் பங்காரப்பேட்டையிலும் விடியற்காலை ரயிலேறி இந்தப் பக்கம் வேலைக்கு வரத் தொடங்கினார்கள். 2023 மார்ச் முதல் மெட்ரோவும் ஓடுகிறது. கன்னடம், தெலுங்கு, தமிழ், இந்தி, மலையாளம், வங்காளம் எல்லாம் ஒரே லிஃப்டில் ஏறி இறங்கும் ஊரில், இரண்டு பேருக்குப் பொதுமொழி தெரியாதபோது கைகொடுப்பது நாலு வார்த்தை ஆங்கிலம். அந்த நாலு வார்த்தை எப்படி விழுகிறது என்பதில் ஒருவருடைய அன்றைய பொழுதே நல்லதாகவோ கெட்டதாகவோ போய்விடுகிறது.

2. கோவைப் பக்கத்துக் கிராமம் சொன்ன பாடம்

பணிவைப் பற்றிய மொழியியல் ஆய்வில் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் நூல் பெனலப்பி பிரௌன், ஸ்டீபன் லெவின்சன் இருவரும் எழுதியது. 1978இல் நீண்ட கட்டுரையாகவும், 1987இல் தனி நூலாகவும் வந்தது. அவர்கள் மூன்று மொழிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்று ஆங்கிலம். ஒன்று மெக்சிகோவின் மலைப்பகுதியில் மாயா இனத்தார் பேசும் ட்செல்டால். மூன்றாவது, தமிழ். கோயம்புத்தூர் மாவட்டத்து ஒரு கிராமத்துப் பேச்சுத் தமிழ்.

‘ஏனுங்க, வாங்க, உக்காருங்க’ என்று சொல்லுக்குச் சொல் மரியாதை ஒட்டிப் பேசும் கொங்குத் தமிழைக் கேட்டவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. மனிதருக்கு இரண்டு விதமான முகம் உண்டு என்பது பிரௌன், லெவின்சன் இருவரின் வாதம். ‘என்னை நாலு பேர் மதிக்க வேண்டும், தன்னவனாக நினைக்க வேண்டும்’ என்பது ஒன்று. ‘என்னை யாரும் நெருக்கக் கூடாது, என் இஷ்டத்துக்கு விட வேண்டும்’ என்பது மற்றொன்று. ஒருவரிடம் எதையாவது கேட்பது இந்த இரண்டாவது முகத்தின் மேல் கை வைப்பது. அதனால்தான் உலகில் எந்த மொழிக்காரரும் வேண்டுகோளைப் பெரும்பாலும் வெறுமனே போட்டு உடைப்பதில்லை. எதையாவது சுற்றித்தான் தருகிறார். முகதாட்சண்யம் பார்த்தே பழகிய நமக்கு இதைப் பேராசிரியர்கள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

பேச்சுத் தமிழில் என்னவெல்லாம் சுற்றுகிறோம் என்று பாருங்கள். ‘கொஞ்சம் நகருங்களேன்’ என்கிறோம். கொஞ்சமாக நகர்ந்தால் இடம் போதாது என்று இருவருக்குமே தெரியும். ‘அந்தப் பேப்பரைத் தர்றீங்களா?’ என்று கேள்வியாக்குகிறோம். ‘ஒரு சின்ன உதவி’ என்று குறைக்கிறோம். ‘தப்பா நினைச்சுக்காதீங்க’ என்று முன்ஜாமீன் வாங்குகிறோம். ‘ஒரு விஷயம் கேக்கலாம்னு வந்தேன்’ என்று, இப்போதுதான் கேட்கப் போகிறோம் என்றாலும், இறந்த காலத்தில் சொல்கிறோம். ஆங்கிலம் செய்வதும் இதையேதான். ‘ஜஸ்ட்’, ‘எ பிட்’ என்று குறைக்கிறது. ‘குட் யூ’ என்று கேள்வியாக்குகிறது. ‘ஐ வாஸ் வொண்டரிங்’ என்று இறந்த காலத்துக்குப் போகிறது. ஆகவே ஆங்கிலம் கற்கப் போகும் தமிழர் புதிதாக நாகரிகம் கற்கப் போவதில்லை. கருவிகள் எல்லாம் கையில் இருக்கின்றன.

சிக்கல் எங்கே வருகிறது? தமிழில் மரியாதையின் பெரும் பாரத்தைச் சுமப்பவை இரண்டு: வினையின் வாலில் ஒட்டும் ‘ங்க’, பேச்சின் முன்னே வரும் ‘அண்ணே’, ‘அக்கா’, ‘ஐயா’, ‘அம்மா’. இந்த இரண்டும் ஆங்கிலத்துக்குப் போகாது. அங்கே ‘யூ’ ஒன்றுதான். ஜப்பானிய மொழியியலாளர் சச்சிகோ இடே, பிரௌனும் லெவின்சனும் சொன்னதை மறுத்து ஒரு கருத்தை வைத்தார். ஜப்பானிய மொழியில் மரியாதை வடிவம் பேசுபவர் விருப்பப்பட்டுத் தேர்வது அன்று. தன் இடம் எது என்று உணர்ந்து கட்டாயமாகச் சொல்வது என்றார். தமிழுக்கும் அது பெருமளவு பொருந்தும். கட்டாயமாகச் சொல்லிப் பழகிய ஒன்று திடீரென்று இல்லாமல் போகும்போது, அந்த வெற்றிடத்தில் நம்மவர்கள் கைக்குக் கிடைத்ததைப் போட்டு நிரப்புகிறார்கள். பெரும்பாலும் அது ‘ப்ளீஸ்’, இல்லாவிட்டால் ‘சார்’.

3. ஒரு ஃபைல், ஐந்து வாக்கியம்

தருமபுரியிலிருந்து வந்து இங்கே ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்த இளைஞர் என்று வைத்துக்கொள்வோம். வேறு ஊரில் இருக்கும் சக ஊழியரிடம் ஒரு ஃபைல் வேண்டும். அலுவலக சாட்டில் எழுதுகிறார்: ‘ப்ளீஸ் செண்ட் த ஃபைல்.’ அவர் மனத்தில் அது முழு மரியாதை. படிப்பவருக்கு அது மரியாதை தடவிய உத்தரவு. வாக்கியம் ஏவலாகவே இருக்கிறது. மறுப்பதற்கு வழி இல்லை. இப்போது வரிசையாகப் பாருங்கள்.

‘செண்ட் மீ த ஃபைல்.’ நெருங்கிய நண்பரிடமோ, தீப்பற்றி எரியும் அவசரத்திலோ சரி.

‘ப்ளீஸ் செண்ட் மீ த ஃபைல்.’ அனுப்ப வேண்டியது அவர் கடமை என்று இருவருக்கும் தெரிந்திருந்தால் சரி.

‘கேன் யூ செண்ட் மீ த ஃபைல்?’ கேள்வியாகிவிட்டது. அன்றாட அலுவலகத்துக்கு இது போதும்.

‘குட் யூ செண்ட் மீ த ஃபைல் வென் யூ கெட் எ மினிட்?’ அவருக்கும் வேலை இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறோம். தெரியாதவரிடமும், கொஞ்சம் சிரமம் தரும் இடத்திலும் இதுவே ஏற்றது.

‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் ஹெல்ப் மீ வித் த ஃபைல்.’ ஃபைலைத் தேடி எடுத்து, திருத்தி, நாளைக்குள் தர வேண்டும் என்ற அளவுக்குப் பெரிய காரியத்துக்கு இது.

இவற்றில் எது ‘மிகப் பணிவானது’ என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேள்வியே தமிழ்க் கேள்வி. ஐந்தாவதுதான் உசத்தி என்று எண்ணிக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்க ‘ஐ வாஸ் வொண்டரிங்’ போட்டால் கிண்டல் செய்வதாக நினைப்பார்கள். உப்புக்கு உப்பின் அளவு, ஃபைலுக்கு ஃபைலின் அளவு.

இங்கே இன்னொரு நுட்பம். ஜெஃப்ரி லீச் என்ற ஆங்கில மொழியியலாளர் 1983இல் எழுதியது: காரியத்தால் யாருக்கு லாபம் என்று பார்க்க வேண்டும். கேட்பவருக்கு லாபம் என்றால் சுற்றிப் பேச வேண்டும். கேட்கப்படுபவருக்கு லாபம் என்றால் நேரடியாகச் சொல்வதே பணிவு. விருந்தாளியிடம் நாம் ‘உக்காருங்க, இன்னும் ரெண்டு இட்லி வச்சுக்குங்க’ என்கிறோம். ‘தயவுசெய்து இட்லி சாப்பிட முடியுமா’ என்று கேட்டால் அவர் எழுந்து போய்விடுவார். ஆங்கிலத்திலும் அங்கே ‘சிட் டௌன், ஹாவ் சம் மோர்’ என்ற ஏவல்தான் அன்பு. ‘யூ மஸ்ட் கம்’ என்று அழைப்பதும் அப்படியே. ஏவல் வினையே கூடாது என்று சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ பற்றியும் ஒரு சொல். மனு ஆங்கிலத்தின் மிச்சம் அது. இந்திய அலுவலகங்களுக்குள் எல்லாருக்கும் புரியும், யாரும் புண்படுவதில்லை. வெளிநாட்டவர் அதைப் படித்தால், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமலே செய்யச் சொல்லும் உத்தரவாகத் தெரிகிறது. என்ன வேண்டும் என்பதைத் திட்டமாகச் சொல்லிவிட்டு ‘குட் யூ’ போடுவதே மேல்.

4. ‘ஐ வாண்ட் லீவ்’

கண்ணாடிக் கட்டடத்திலிருந்து அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வருவோம். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண் ஒருவர் வடநாட்டுக் குடும்பம் ஒன்றில் சமையல் வேலை செய்கிறார். இருவருக்கும் பொதுவாகக் கொஞ்சம் இந்தி, கொஞ்சம் ஆங்கிலம். ஊரில் திருவிழா. ‘மேடம், டுமாரோ ஐ வாண்ட் லீவ்’ என்கிறார். மேடத்தின் முகம் மாறுகிறது. கேட்கவில்லை, அறிவிக்கிறாள் என்று அவருக்குத் தோன்றுகிறது.

இந்தப் பெண் மனத்தில் ஓடிய தமிழ் என்ன? ‘அம்மா, நாளைக்கு ஒரு நாள் லீவு வேணுங்க.’ இதில் ‘அம்மா’ ஒரு தலையணை, ‘ஒரு நாள்’ ஒரு தலையணை, ‘ங்க’ ஒரு தலையணை. மூன்றும் வழியில் விழுந்துவிட்டன. மிஞ்சியது ‘வேணும்’ மட்டும். அது ‘வாண்ட்’ ஆகிப் போய் நின்றது. தமிழில் ‘வேணும்’ என்பது தேவையைச் சொல்வது. சொல்லிவிட்டு அவர் முடிவுக்குக் காத்திருப்போம். ஆங்கிலத்தில் ‘ஐ வாண்ட்’ என்பது சொல்பவரின் விருப்பத்தை முன்னே தள்ளுகிறது. ‘கேன் ஐ டேக் டுமாரோ ஆஃப், மேடம்?’ என்ற ஒரு வாக்கியத்தை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டால் போதும். இலக்கணம் தெரிய வேண்டியதில்லை. ‘ஐ வாண்ட்’ வரும் இடத்திலெல்லாம் ‘கேன் ஐ’ அல்லது ‘குட் ஐ ஹாவ்’ என்று மாற்றிக்கொள்வது, அன்றாடப் பேச்சில் செலவு குறைந்த, பலன் மிகுந்த ஒரே திருத்தம். மருந்துக் கடையிலும் வங்கியிலும் அதுவே உதவும்.

கேட்பதைப் போலவே மறுப்பதும் கற்க வேண்டியது. நாம் முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று சொல்வதில்லை. ‘பார்க்கலாம்’, ‘முயற்சி பண்றேன்’ என்போம். கேட்கும் தமிழருக்கு அது நடக்காது என்று பாதி புரிந்துவிடும். அதையே ‘ஐ வில் ட்ரை’ என்று சொன்னால், ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை வேலையை எதிர்பார்ப்பார்கள். ‘சாரி, ஐ காண்ட் டுடே. வுட் மண்டே வொர்க்?’ என்று மறுப்பையும் மாற்று வழியையும் சேர்த்துச் சொன்னால் யாருக்கும் மனக்கசப்பு இல்லை. மேலாளரிடம் ‘நோ’ சொல்லக் கூடாது என்று அஞ்சி எல்லாவற்றுக்கும் ‘யெஸ் சார்’ போட்டுவிட்டு ராத்திரி முழுக்கக் கண்விழிக்கும் இளைஞர்கள் இந்த அரங்கிலேயே இருப்பார்கள்.

5. குரல் ஏறுமா, இறங்குமா?

ஜான் கம்பர்ஸ் என்ற ஆய்வாளர் பதிவுசெய்த ஒரு நிகழ்ச்சி மொழி ஆசிரியர்கள் எல்லாருக்கும் பாடம். 1970களில் லண்டன் விமான நிலையம் ஒன்றின் ஊழியர் உணவகத்தில் இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர்கள் கடுகடுவென்று இருக்கிறார்கள் என்று புகார் வந்தது. பேசியதோ மிகக் குறைவு. கறி எடுத்துக்கொண்டவரிடம் ‘கிரேவி’ என்று ஒரே ஒரு சொல். ஆங்கிலேயப் பெண் அதைக் குரல் ஏற்றிச் சொன்னால் ‘கிரேவி ஊற்றட்டுமா?’ என்று பொருள். இந்தப் பெண்கள் குரலை இறக்கிச் சொன்னார்கள். ‘இது கிரேவி, வேண்டுமானால் எடுத்துக்கொள்’ என்று கேட்டது. ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டி இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசிய பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது.

நமக்கும் இதே ஆபத்து உண்டு. தமிழில் கேள்வியைக் காட்ட ‘ஆ’ இருக்கிறது. ‘குழம்பா?’ என்றால் குரல் எப்படி இருந்தாலும் கேள்விதான். ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல் கேள்விகளில் அந்த வேலையைக் குரல் மட்டுமே செய்கிறது. ‘காஃபி’, ‘பேக்’, ‘பில்’, ‘ஃபிளாட் நம்பர்’ என்று தட்டையாக இறக்கிச் சொல்லும் காவலாளியும் கடைக்காரரும் முரட்டு மனிதர்கள் அல்லர். குரலை மேலே முடித்தால் போதும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

6. பேச்சை எடுப்பதும் முடிப்பதும்

வேண்டுகோள் தனியாக வராது. முன்னும் பின்னும் பேச்சு வேண்டும். நாம் ‘சாப்பிட்டாச்சா?’ என்று தொடங்குவோம், ‘எந்த ஊரு?’ என்று போவோம்; மூன்றாவது கேள்வியில் பிள்ளைகள், நாலாவதில் சம்பளம். நம்மிடையே அது அக்கறை. பழக்கமில்லாதவருக்கு அது விசாரணை. ஆங்கிலேயர் வானிலையைப் பேசுவார்கள். யாருக்கும் சொந்தமில்லாத, யாரையும் புண்படுத்தாத விஷயம் என்பதால். பெங்களூரின் வானிலை ஆண்டின் பெரும்பகுதி இதமாக இருப்பதால் பேச அதிகமில்லை. வைட்ஃபீல்டில் அந்த இடத்தை ஹோப் ஃபார்ம் சிக்னலின் போக்குவரத்து நெரிசல் பிடித்துக்கொண்டது. ‘ஹௌ வாஸ் த டிராஃபிக்?’ என்று தொடங்கினால் எந்த மாநிலத்தவரோடும் ஐந்து நிமிடம் பேசலாம்.

வழி கேட்கவோ, வரிசையில் முந்தவோ, முன்பின் தெரியாதவரை அழைக்க ‘ஹலோ’ வேண்டாம். அது அதட்டலாகக் கேட்கும். ‘எக்ஸ்கியூஸ் மீ’ சொல்லி, அவர் திரும்பிப் பார்க்கும்வரை பொறுத்து, பிறகு கேட்கலாம். ‘ஹௌ ஆர் யூ?’ என்பதற்கு மூட்டுவலி விவரம் தேவையில்லை, ‘குட், தேங்க்ஸ். ஹௌ அபௌட் யூ?’ என்று திருப்பிக் கேட்பதுதான் முக்கியம். விடைபெறும்போது நாம் ‘போயிட்டு வரேன்’ என்போம்; அங்கே ‘ஐ வோண்ட் கீப் யூ’ என்று, உங்கள் நேரத்தை இனி எடுக்கமாட்டேன் என்பதுபோல் சொல்வார்கள். வீட்டில் தண்ணீர் கொடுத்த அக்காவுக்கு நாம் நன்றி சொல்வதில்லை, சொன்னால் அந்நியமாகிவிடுவோம். ஆங்கிலம் பேசும் இடத்தில் லிஃப்டைப் பிடித்து நிறுத்தியவருக்கும் ‘தேங்க்ஸ்’ உண்டு. இரண்டும் இரண்டு வழக்கம். ஒன்று மற்றொன்றைவிட உயர்ந்ததில்லை.

7. வகுப்பறை என்ன செய்யலாம்

தென்னிந்தியாவில் ஆங்கிலம் கற்பிக்க எத்தனையோ சோதனைகள் நடந்திருக்கின்றன. 1960ஐ ஒட்டி, தொடக்கநிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர ‘மெட்ராஸ் ஸ்நோபால்’ என்ற முயற்சி நடந்தது. பயிற்சி பெற்றவர் அடுத்தவருக்குப் பயிற்சி தர, அது உருண்டு பெருகும் என்பது திட்டம். வாக்கிய அமைப்புகளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதே முறை. 1963இல் பெங்களூரில் தென்னிந்தியாவுக்கான வட்டார ஆங்கில நிறுவனம் தொடங்கப்பட்டது. 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு தலைமையில் பெங்களூர், சென்னை முதலிய இடங்களின் பள்ளிகளில் நடந்த சோதனை உலகப் புகழ் பெற்றது. இலக்கணத்தை நேரடியாகக் கற்பிக்காமல், ரயில் கால அட்டவணை, வரைபடம், வகுப்பு அட்டவணை போன்றவற்றை வைத்துப் புதிர்களை விடுவிக்கச் சொன்னார்கள். மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போதே மொழி தானாகப் படியும் என்பது பிரபுவின் நம்பிக்கை. அவர் நூல் 1987இல் வந்தது. இன்று உலகெங்கும் ‘பணிவழிக் கற்பித்தல்’ என்று பேசப்படுவதன் முன்னோடிகளில் ஒன்று நம் பள்ளிகளில் பிறந்தது.

பெருமைக்குரிய வரலாறுதான். ஆனாலும் மாணவரோடு மாணவர் பேசும் குழுப்பயிற்சியை பிரபு வேண்டுமென்றே தவிர்த்தார். ஒருவர் பிழை மற்றவரைத் தொற்றும் என்று கருதினார். அந்த வகுப்பில் கேட்பவர் ஆசிரியர், பதில் சொல்பவர் மாணவர். வேண்டுகோள் விடுக்கும் வாய்ப்பு பிள்ளைக்குக் குறைவு. அந்த இடத்தில்தான் நாம் மேற்கொண்டு போக வேண்டும்.

மூன்று பயிற்சிகளைச் சொல்கிறேன். முதலாவது, தமிழிலிருந்து தொடங்குவது. அன்று ஒவ்வொருவரும் வீட்டிலும் பேருந்திலும் கேட்ட வேண்டுகோள்களைத் தமிழிலேயே எழுதி வரச் சொல்லுங்கள்; ‘கொஞ்சம்’, ‘நகருங்களேன்’, ‘முடியுமா’ எல்லாம் தாமே வந்து விழும். பிறகு ஆங்கிலத்தில் அதே வேலையை எது செய்கிறது என்று காட்டுங்கள். இரண்டாவது, ஒரே ஆளிடம் மூன்று அளவுக் காரியம் கேட்பது: பேனா, அரை மணி நேரம், ஆயிரம் ரூபாய் கடன். ஆள் மாறவில்லை, வாக்கியம் மாறுகிறது என்பதைப் பிள்ளை உணர்ந்துவிடும். மூன்றாவது, எல்லார் கையிலும் இருக்கும் செல்ஃபோனில் பேசிப் பதிவுசெய்து குரலைத் தாமே கேட்பது. கூடவே, கேட்ட ஒவ்வொரு வேண்டுகோளையும் ஒருமுறை ஏற்க, ஒருமுறை மறுக்கப் பழக்குங்கள்.

8. யார் கற்க வேண்டும்?

இப்போது அந்த இரண்டாம் பாதி. லெவின்சன் அதே கொங்கு வட்டாரத்தில் இன்னொன்றையும் ஆராய்ந்து 1982இல் வெளியிட்டார். யார் யாரை ‘நீங்க’ என்கிறார்கள், யார் யாரை ‘நீ’ என்கிறார்கள் என்பதைப் பட்டியலிட்டு, சாதி அடுக்கோடு பொருத்திப் பார்த்தார். மரியாதை மேல்நோக்கிப் போயிற்று. ‘நீ’ கீழ்நோக்கி வந்தது. நம் இனிய ‘ங்க’வுக்கு இந்த மறுபக்கமும் உண்டு. வயதில் மூத்தவரை ‘டேய்’ என்று கூப்பிட்ட வாய்களை நம் தாத்தாக்கள் அறிவார்கள். அப்படி விளிக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு எல்லாரையும் ‘யூ’ என்று சொல்லும் மொழி ஒரு விடுதலையாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஒடுக்கப்பட்டவர்கள் ஆங்கிலத்தை அவ்வளவு விரும்பிக் கற்றதற்கு வேலைவாய்ப்பு மட்டும் காரணமில்லை.

ஆனால் ‘யூ’ ஒன்றாக இருப்பதால் சமத்துவம் தானாக வந்துவிடாது. இந்த ஊரின் குடியிருப்புகளிலேயே பார்க்கிறோம். அமெரிக்க மேலாளரிடம் ‘குட் யூ’, ‘வுட் யூ மைண்ட்’ எல்லாம் சரளமாக வருகிறது. அதே வாய் வாசலுக்கு வந்தவுடன் ‘ஏய், கேட் ஓப்பன் கரோ’ என்கிறது. சமையல்காரப் பெண்ணிடம் ‘கம் அட் ஸிக்ஸ்’, ‘க்ளீன் திஸ்’. அவர் ‘ஐ வாண்ட் லீவ்’ என்றால் மட்டும் மரியாதை தெரியாதவர். ஆங்கிலத்தின் ‘குட் யூ’ மேலே போகும்போதும் கீழே வரும்போதும் ஒரே வடிவம். அதை மேலே மட்டும் பயன்படுத்துகிறவர் ஆங்கிலச் சொற்களைப் போட்டுத் தொல்காப்பியர் காலத்து ‘ஈ’யையும் ‘கொடு’வையும்தான் பேசிக்கொண்டிருக்கிறார்.

பணிவான ஆங்கில வகுப்பு என்றால் வரவேற்பாளர், விற்பனையாளர், காவலாளி, ஓட்டுநர் என்று சேவை செய்பவர்களையே உட்கார வைக்கிறோம். பணிவு அவர்கள் பக்கத்துக் கடமை என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறோம். உத்தரவிடும் இடத்தில் இருப்பவர்தான் முதலில் கற்க வேண்டியவர். காரணம் எளிது. நான் முன்னே சொன்ன பட்லரைப் போல, ஒருவர் தன்னிடம் பேசப்பட்ட மொழியைத்தான் திருப்பிப் பேசுவார். நாள் முழுக்க ஏவலையே கேட்பவருக்கு வேண்டுகோள் எந்த மாதிரி ஒலிக்கும் என்றே தெரியாது. ‘குட் யூ கம் அட் ஸிக்ஸ் டுமாரோ?’ என்று தினமும் கேட்கும் பெண், எந்த வகுப்புக்கும் போகாமலே ‘குட் ஐ கம் அட் செவன்?’ என்று ஒருநாள் கேட்பார். பிரபுவின் கொள்கையும் அதுதானே: பொருளோடு காதில் விழும் மொழி படிந்துவிடும்.

நிறைவாக, இந்த அறக்கட்டளையாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு இதே நிதியில் ஒரு சொற்பொழிவுக்குப் பதிலாக, ஏதேனும் ஒரு குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒரு பேச்சு ஆங்கில வகுப்பு நடத்த முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுக்காரரும் அங்கே வேலை செய்பவரும் ஒரே வகுப்பில் உட்கார வேண்டும். ஒருவர் கேட்க, மற்றவர் மறுக்கப் பழக வேண்டும். பிறகு இடம் மாற வேண்டும். செலவு ஒரு கரும்பலகையும் சில நாற்காலிகளும்தான். நடைமுறைக்கு ஒத்துவராது என்று தோன்றினால் தயங்காமல் சொல்லுங்கள். வேறு வழி பார்ப்போம். ஒத்துவரும் என்றால், முதல் வகுப்பை எடுக்க நான் வருகிறேன்.